முகத்துக்குக் கரண்ட் வைக்கும் முன்

எங்கள் தெரு டெய்லர் அக்கா ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, இடக்கண் மூடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் காத்து அடிச்சிருச்சு என்றார்கள் வீட்டில். கரண்ட் வெச்சா சரியாயிடும் என்றது தெரு. அப்படி மின்சாரத்தால் முகத்தசையைத் தூண்டும் சிகிச்சை மையத்தில் இருபது சிட்டிங்குக்கு முன்பணமும் கட்டியாயிற்று.

திடீரென்று முகம் கோணினால் முதல் வேலை, அது பக்கவாதம் இல்லை என்று டாக்டர் வாயால் உறுதி செய்துகொள்வது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். முகநரம்பே அடிபடும் பெல்ஸ் பால்சியில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது. இதை வீட்டிலேயே சோதித்து நிம்மதியாகிவிடாதீர்கள். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.

காதருகே எலும்புக்குள் குறுகிய பாதையில் வரும் நரம்பு வீங்கி நெரிபடுவதுதான் பெல்ஸ் பால்சி. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவதற்கே உறுதியான ஆதாரம் உண்டு. (சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு அதை ஏற்றும்.) 2007-ல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 9 மாத முடிவில் ப்ரெட்னிசலோன் எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள். எடுக்காதவர்களில்? 82 சதவீதம். பெரும்பாலும் தானே தேறும் நோய் இது. பதினைந்தாவது சிட்டிங்கில் முகம் நேரானால் பேர் மெஷினுக்குப் போகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அதற்காகக் கரண்ட் வைப்பதே மோசடி என்று சொல்ல மாட்டேன். 2011-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அதனால் பலன் என்பதற்கும் கெடுதல் என்பதற்கும் தரமான ஆதாரம் இல்லை என்றது. நரம்பு தாறுமாறாக வளர்ந்து, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் நிலையை இது கூட்டுமோ என்ற கவலை சில நிபுணர்களுக்கு உண்டு. கரண்ட் பாய்ச்ச முகத்தில் வைக்கும் பேட் சரியாக நனையாவிட்டால் தோல் வெந்துபோகலாம். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. கரண்ட் வைப்பவரிடம், எதற்காக, எத்தனை நாள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், நடுவில் நிறுத்தினால் மீதிப்பணம் உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குணமாகவில்லை என்பது மட்டும் வழக்காகாது. கவனக்குறைவால் வந்த காயம், மறைத்த ஆபத்து என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

டெய்லர் அக்கா பத்து நாள் தவறாமல் போனார். மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, இரவில் ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்ட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பதினோராம் நாள் கண் சிவந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் டாக்டரிடம் ஓடினார். கருவிழி உலர்ந்து புண்ணாகியிருந்தது.