இருதலை மணியன்: வயலில் இருந்தால் துணை, கூண்டில் இருந்தால் வினை

நெல், நிலக்கடலை, கரும்பு என எந்தப் பயிரைச் சாகுபடி செய்தாலும் எலித் தொல்லை இல்லாத வயல் கிடையாது. வரப்பில் வளை தோண்டி, கதிரை அறுத்து உள்ளே இழுத்துச் சேமிக்கும் எலிகளை அவற்றின் வளைக்குள்ளேயே சென்று பிடிக்கக்கூடிய உயிரினங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று மண்ணுளிப் பாம்பு. இதை இருதலை மணியன் என்றும், இரட்டைத் தலைப் பாம்பு என்றும் அழைப்பார்கள். அயல்நாடுகளில் வீடுகளில் வளர்க்கப்படும் போவா பாம்புகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இப்பாம்புக்குப் பல இலட்சம் ரூபாய் விலை உண்டு என்று சொல்லிக்கொண்டு தரகர்கள் கிராமங்களில் திரிகிறார்கள். அதை நம்பிப் பாம்பைப் பிடித்துச் சாக்கிலும் பானையிலும் அடைத்து வைத்தவர்கள் பணத்தைக் கண்டதில்லை, வழக்கையே கண்டார்கள். ஆகவே, இப்பாம்பின் இயல்பையும், பருவத்திற்குப் பருவம் அதன் பசி மாறுவதையும், ஒன்றாக அடைத்து வைத்தால் ஏற்படும் கேடுகளையும் உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

அடையாளமும் வாழ்க்கை முறையும்

வளர்ந்த மண்ணுளி பொதுவாக இரண்டரை முதல் மூன்றடி நீளம் இருக்கும். உடல் பருத்தும் வழுவழுப்பாகவும், செம்பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்திலும் காணப்படும். வால் கூராக இல்லாமல் மழுங்கித் தலையைப் போலவே தோன்றும். எதிரி நெருங்கினால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். காயம் பட்டாலும் அது வாலில் படட்டும் என்பதற்கான இயற்கையின் ஏற்பாடு இது. ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் மறு தலை என்னும் பேச்சு இதிலிருந்தே எழுந்தது. உண்மையில் இதற்கு ஒரே தலைதான்.

இதற்கு நஞ்சு இல்லை. எலியைப் பற்றி, உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். எலி, சுண்டெலி, ஓணான் ஆகியவற்றோடு பிற பாம்புகளையும் உண்ணும். முட்டையிடாமல் குட்டி போடும். இது நக்கினால் தொழுநோய் வரும் என்பது தவறு. தொழுநோய் ஒருவகை நுண்ணுயிரால் வருவது. அதற்கும் பாம்புக்கும் தொடர்பில்லை.

பருவமும் பசியும்

ஆடு மாடுகளின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாம்பின் உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை. மண்ணிலிருந்தும் வெயிலிலிருந்தும்தான் அது சூட்டைப் பெறுகிறது. விழுங்கிய எலி செரிக்க உடல் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் அளவு சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த உடலில் செரிமானம் நின்றுவிடும். வயிற்றிலுள்ள இரை அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

எனவே மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் மண்ணுளி வளைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பல வாரங்கள் இரை தேடாது. இது நோயன்று. அசையாது கிடக்கும் பாம்புக்கு மிகக் குறைந்த ஆற்றலே தேவை. உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு அதற்குப் போதும். மாசி, பங்குனியில் மண் சூடேறியதும் பசியும் திரும்பும். கோடையில் பகலெல்லாம் மண்ணுக்குள் இருந்துவிட்டு, அந்தி சாய்ந்த பின் வேட்டைக்கு வெளிவரும்.

குளிரைத் தவிர வேறு மூன்று காரணங்களாலும் பசி குறைவதுண்டு.

1. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் பாம்பு பெண்ணைத் தேடி அலையும், இரையை நாடாது.

2. சினையுற்ற பெண் பாம்பின் வயிற்றில் குட்டிகள் வளர வளர, இரைக்கு இடம் குறையும். குட்டி போடும் வரை உண்ணாமலே இருக்கும் பாம்புகளும் உண்டு.

3. சட்டை உரிப்பதற்கு முன் கண்கள் பால் படர்ந்தது போல மங்கிவிடும். சட்டை கழலும் வரை பாம்பு இரை எடுக்காது.

பாம்பைப் பிடித்து அடைத்து வைப்பவர் இவற்றை அறிய மாட்டார். பாம்பு உண்ணவில்லை, எடை குறைந்தால் விலை குறையும் என்று அஞ்சி, வாயைப் பிளந்து இரையைத் திணிப்பார். வாய் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். உள்ளே சென்ற இரையும் செரிக்காமல் வெளிவரும். சில நாட்களில் பாம்பு இறந்துவிடும். எலி பிடிக்கட்டும் என்று களஞ்சியத்தில் அடைத்து வைப்பதாலும் பயனில்லை. தனக்கு ஏற்ற சூடும் மறைவிடமும் தேடிச் செல்ல வழியில்லாத பாம்பு வேட்டையாடாது.

ஒன்றாக அடைத்தால் வரும் கேடுகள்

கோழியும் ஆடும் கூட்டமாக வாழும் இயல்புடையவை. பாம்பு தனித்து வாழ்வது. குளிர்காலத்தில் ஒரே வளையில் இரண்டு பாம்புகள் கிடப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். நல்ல வளையைத் தேடி இரண்டும் அங்கே வந்து சேர்ந்தன என்பதே அதன் பொருள்; தோழமை அன்று. வயலில் வேண்டாதபோது ஒன்று விலகிப் போய்விடும். சாக்கிலோ கூண்டிலோ விலகிச் செல்ல இடமில்லை.

ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள் இருந்தால், சூடான மூலையையும் மறைவிடத்தையும் வலியது பிடித்துக்கொள்ளும். எளியது குளிர்ந்த பக்கம் ஒதுங்கிச் செரிமானம் கெட்டு மெலியும். இரையைப் போட்டால் இரண்டும் ஒரே எலியை இரு முனைகளிலும் பற்றும். விழுங்கிக்கொண்டே போகும் பெரிய பாம்பு, எலியோடு சேர்த்துச் சிறிய பாம்பையும் விழுங்கிவிடும். மண்ணுளி பிற பாம்புகளை உண்ணும் இயல்புடையதாகையால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நோய் பரவுதல் மற்றொரு கேடு. செதில்களுக்கிடையே ஒட்டி இரத்தம் உறிஞ்சும் பேன் போன்ற சிற்றுயிரிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும். போவா குடும்பத்தைத் தாக்கும் ஒருவகை நச்சுயிரி நோய், இரை கக்குதலில் தொடங்கி நரம்புத் தளர்ச்சியில் முடியும், அதற்கு மருந்தில்லை. கூண்டில் கக்கிய இரை கிடந்தால் கக்கியது எது என்றே தெரியாது. ஆகவேதான் அயல்நாடுகளில் போவா வளர்ப்பில் தேர்ந்தவர்கள் ஒரு கூண்டுக்கு ஒரு பாம்பு என்ற முறையைக் கடைப்பிடிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளியைப் பிடித்தல், வைத்திருத்தல், விற்றல், வாங்குதல், எடுத்துச் செல்லுதல் ஆகிய அனைத்தும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தரகர் தப்பிவிடுவார்; பாம்போடு பிடிபடுபவர் நில உரிமையாளராக இருப்பார். தென் அமெரிக்கப் போவா முதலிய அயல்நாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்களும், 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி அவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

இப்பாம்பு செல்வம் தரும், தீராத நோயைத் தீர்க்கும், ஆண்மை பெருக்கும் என்று சொல்லப்படுவனவற்றுள் எதற்கும் அறிவியல் சான்று இல்லை. முன்பணம் கேட்பதும், எடை போதவில்லை என்று தட்டிக் கழிப்பதும் இவ்வணிகத்தின் வழக்கமான ஏமாற்று முறைகள்.

ஓர் எச்சரிக்கை

மண்ணுளியில் சொரசொரப்பான செதிலும் உடல் முழுதும் திட்டுகளும் உள்ள மற்றொரு வகை உண்டு. கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனைப் பார்த்து அந்த மண்ணுளி என்று எண்ணிக் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. விரியனின் முதுகில் சங்கிலி போல் கோத்த முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும், தலை முக்கோணமாக இருக்கும், உரக்கச் சீறும். ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். கடிபட்டால் கடிவாயைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே நஞ்சு முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. வயலில் மண்ணுளியைக் கண்டால் அடிக்காமலும் பிடிக்காமலும் போகவிடுங்கள்.

2. குளிர்காலத்தில் வரப்பு வெட்டும்போதும் கரும்புச் சோகையை அகற்றும்போதும் ஒடுங்கிக் கிடக்கும் பாம்பு மண்வெட்டியில் சிக்கக்கூடும். மெதுவாகப் பார்த்து வெட்டுங்கள். அப்பருவத்தில் அது விரைந்து ஓட இயலாது.

3. சோகைக்கும் தாளுக்கும் தீ வைக்காதீர்கள். மட்கச் செய்தால் மண்ணுக்கும் உரமாகும்.

4. எலியைக் கட்டுப்படுத்த, வரப்பைக் குறுகலாக அமைத்தல், வளை தோண்டி அழித்தல், தஞ்சாவூர் கிட்டி வைத்தல், ஆந்தை அமரக் குச்சி நடுதல் ஆகியவற்றை முதலில் மேற்கொள்ளுங்கள். நச்சுணவு வைக்க நேர்ந்தால், இறந்த எலிகளை அன்றாடம் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பாம்புக்கும் அந்நஞ்சு சேரும்.

5. வீட்டுக்குள்ளோ கிணற்றிலோ பாம்பு இருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தெரிவியுங்கள்.

6. பாம்புக்கு விலை பேச வருபவரைப் பற்றி வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள்.

ஒரு மண்ணுளி ஓர் ஆண்டில் பிடிக்கும் எலிகளைக் கூலி கொடுத்துப் பிடிக்க வேண்டுமானால் செலவு ஆகும். இதற்குக் கூலி வேண்டாம், தீனி வேண்டாம், கொட்டகை வேண்டாம். தை மாதத்தில் பட்டினி கிடந்தாலும், பங்குனியில் தானே எழுந்து வேலைக்கு வந்துவிடும். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது வரப்பில் ஒரு மூலை மட்டுமே.