குரங்குக்கு அறிவு வந்தால் நாம் எங்கே போவது?



டிவியில் தமிழில் பேசுகிற இங்கிலீஷ் படங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் குரங்குகள் பேசும், குதிரை ஏறும், மனிதனையே கூண்டில் அடைக்கும். பிரான்ஸ் எழுத்தாளர் பியர் பூல் 1963-ல் எழுதிய கதையில் இருந்து வந்தது அது. இன்னொன்றில் பூமியில் பயிர் விளையாமல் போய், மனிதர்கள் வேறு கிரகம் தேடிப் புறப்படுவார்கள். இதெல்லாம் நடக்குமா? பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்குது, வாருங்கள்!

குரங்கு மனிதன் ஆகுமா?

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்று சும்மா சொல்கிறோம். அது சரியில்லை. வால் உள்ள குரங்குகளுக்கும் நமக்கும் மூதாதை ஒன்று. சுமார் 2½ கோடி ஆண்டுகளுக்கு முன் கிளை பிரிந்துவிட்டது. சித்தப்பா பிள்ளை வளர்ந்தால் நானாக ஆகிவிடுமா? அது அதுவாகத்தானே வளரும்! குரங்கும் அப்படித்தான்.

ஆனால் அதற்கும் அறிவு உண்டு. நம்ம களக்காடு முண்டந்துறைக் காட்டில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. (பாபநாசத்தில் பையைப் பிடுங்குமே, அது வேற குரங்கு!) கம்பளிப்பூச்சி மேலே பட்டால் நமக்கு எப்படி அரிக்கும்! இந்தக் குரங்கு பூச்சியை இலையால் தேய்த்து, முடியை நீக்கிவிட்டுத் தின்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது?

வேறு கிரகம் போகலாமா?

பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்ப்பது இங்கேதான். சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினும் இங்கே சோதித்ததுதான். 2023 ஆகஸ்ட் 23-ல் அது நிலாவில் இறங்கியது. நமக்கெல்லாம் பெருமை!

ஆனால் நிலாவில் மூச்சு விடக் காற்று இல்லை. செவ்வாயில் இருக்கும் மெல்லிய காற்றில் 100-க்கு 95 பங்கு கார்பன் டை ஆக்சைடு. சூரியனை விட்டால் அடுத்த நட்சத்திரம் 4.2 ஒளி ஆண்டு தூரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்!
ஒரு ஒளி ஆண்டு = சுமார் 9½ இலட்சம் கோடி கி.மீ.
1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலத்தின் வேகம் = நொடிக்கு சுமார் 17 கி.மீ.
அந்த வேகத்தில் போனால் அங்கே சேர 70,000 ஆண்டுக்கு மேலே ஆகும். நம்ம பேரன் பேத்திகூட போய்ச் சேர மாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வீடு

சிங்கவால் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் காட்டில் வாழ்கிறது. பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது. நடுவில் மரத்தை வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் போக வழியில்லாமல் தனித்துப் போகும். இதைக் காக்கத்தான் 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988-ல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது.

அந்தக் காடு மழைத் தண்ணீரை வேரிலும் மண்ணிலும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கோடையிலும் ஓடுகிறது. நெல்லைக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். ஆக, குரங்கின் வீடு போனால் நம்ம வீட்டுக் குடமும் காலி!

நாம் என்ன செய்கிறோம்? பரிகாரம் என்று பாபநாசத்தில் துணியை ஆற்றோடு விடுகிறோம். மலைக்குப் போனால் பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டு வருகிறோம். குரங்கு அரிக்கிற முடியை நீக்கிவிட்டுத்தான் தின்கிறது. நாமோ குடிக்கிற தண்ணீரிலேயே குப்பையைப் போடுகிறோம். இப்போது சொல்லுங்கள், யாருக்கு அறிவு வர வேண்டும்?

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டு வருவோம். வீட்டில் பெரியவர்களிடமும் பக்குவமாகச் சொல்வோம்.

காட்டைக் காப்போம்! ஆற்றைக் காப்போம்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி