சீனப் பேராசிரியரின் எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தனியார் பதிப்பகம்!

1957 மார்ச் மாதம், சீனாவின் 'மக்கள் நாளிதழ்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் சமூகவியல் பேராசிரியர் ஃபெய் சியாவோதுங். படித்தவர்களின் மனநிலையை அவர் வசந்தத்தின் ஆரம்ப நாள்களோடு ஒப்பிட்டிருந்தார். வெயில் எட்டிப்பார்க்கிறது, ஆனாலும் குளிர் திரும்பிவிடுமோ என்ற பயம் போகவில்லை.

குளிர் திரும்பத்தான் செய்தது. அதே ஆண்டு அவர்மீது 'வலதுசாரி' முத்திரை விழுந்தது. அவருடைய துறையான சமூகவியல், 1952-லேயே சீனப் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

இத்தனைக்கும் ஃபெய், லண்டனில் மானுடவியல் மேதை மலினோவ்ஸ்கியிடம் படித்தவர். சீன விவசாயிகள் பற்றி 1939-ல் ஆங்கிலத்திலேயே புத்தகம் போட்டவர். அவருக்கே பின்னாளில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்!

அந்தப் புத்தகத்தை வெளியிட்டது எம்.இ.ஷார்ப். நியூயார்க் மாநிலத்தில் மைரன் ஷார்ப் 1958-ல் தொடங்கிய தனியார் பதிப்பகம் இது. முதலில் சோவியத் பொருளாதாரக் கட்டுரைகளை மொழிபெயர்த்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் சீனாவுக்கு வந்தார்கள். வரலாறு, பொருளாதாரம், சட்டம், சமூகவியல் எனத் துறைக்கு ஓர் இதழ். அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனதே 1972-ல்தான். அதுவரை சாதாரண அமெரிக்க ஆய்வாளர் அங்கே கால் வைப்பதே குதிரைக்கொம்பு. சீனர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இந்த இதழ்கள் காட்டின.

ஃபெய்யின் எழுத்துகளை ஜேம்ஸ் மெக்காஃப் தொகுத்து மொழிபெயர்க்க, 1979-ல் புத்தகம் வந்தது. அதே ஆண்டுதான் சீனாவில் சமூகவியலுக்கு மறுவாழ்வு கிடைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவரும் ஃபெய்தான்.

அவரை மொழிபெயர்ப்பது லேசுப்பட்ட வேலையல்ல. குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டம் வட்டமாக விரியுமே, சீனர்களின் உறவுமுறையும் அப்படித்தான் என்றார் ஃபெய். நடுவில் 'நான்', அடுத்து குடும்பம், பிறகு சொந்தபந்தம். இதற்கு அவர் வைத்த பெயர் 'சாஷு கெஜு'. 1992-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இது 'டிஃபரென்ஷியல் மோட் ஆஃப் அசோசியேஷன்' ஆனது. அர்த்தம் சரிதான். ஆனால், ஆபீஸ் சுற்றறிக்கை வாசிப்பதுபோல இருக்கிறது. குளத்தையும் காணோம், கல்லையும் காணோம்.

எம்.இ.ஷார்ப்பை 2014-ல் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் வாங்கிவிட்டது. இன்னொரு பக்கம், 2010 முதல் சீன அரசே நிதி கொடுத்து அறிஞர்களின் நூல்களை வெளிநாட்டு மொழிகளுக்குக் கொண்டுபோகிறது. எந்தப் புத்தகத்துக்குப் பணம் என்பதையும் அந்தப் பக்கமே முடிவு செய்கிறது. 1957-ல் ஃபெய் எழுதியதைப்போல ஒரு கட்டுரை இன்று வந்தால், அதை மொழிபெயர்க்கத் தனியாக ஒரு பதிப்பாளர்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.