கெடாத் தோட்டப்புறக் கள்ளுக்கடை: மறைந்துபோன ஓரிடமும் அதன் நினைவுகளும்

புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை லாலாங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோரிடம் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்போமாயின், கோயில், தமிழ்ப்பள்ளி, பிரட்டுக்களம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அவர்கள் நினைவுகூரும் இடம் பெரும்பாலும் கள்ளுக்கடையாகவே இருக்கும். முன்னைய மூன்றைப் பற்றியும் எழுதியவர் பலர். கள்ளுக்கடையையோ சிலர் ‘சமுதாயத் தீமை’ என்னும் ஒரு தொடரில் அடக்கிவிட்டனர். வேறு சிலர் இழந்த இன்பமாகக் கண்டு ஏங்குகின்றனர். இரண்டுமே முழுமையான பார்வையாகா. அவ்விடம் எவ்வாறு இயங்கியது, யாருக்கு அது இனிய நினைவு என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தமிழகத்தில் கள் என்றவுடன் பனையே நினைவுக்கு வரும். மலாயாவிலோ அது தென்னங்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கப்படும் சாறு, இறக்கிய சில மணி நேரத்திலேயே தானாகப் புளிக்கத் தொடங்கும்; மறுநாள் வைத்தால் காடியின் சுவை ஏறிவிடும். எனவே அன்றைய கள் அன்றே விற்றாக வேண்டும். பால்மரம் வெட்டுவோர் விடியற்காலையில் பிரட்டில் நின்று, முற்பகலில் வெட்டை முடித்து, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பின்னரே ஓய்வு பெற்றனர். காலையில் இறக்கிய கள் பதமாக இருந்த வேளையும் அவர்கள் ஓய்ந்த வேளையும் ஒன்றாக அமைந்தன. ஒருவர் பாளையைச் சீவ, மற்றவர் பட்டையைச் சீவ, இரு தொழிலாளரும் பிற்பகலில் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தனர் என்பது சற்றே வியப்பானதுதான்.

கள்ளுக்கடை தொழிலாளர் தாமாக அமைத்துக்கொண்ட இடமன்று. கள் விற்பனை உரிமத்திற்கு உட்பட்டிருந்தது. அரசுக் கடைகள் பட்டணங்களிலும், நிருவாகத்தின் பொறுப்பிலான கடைகள் தோட்டங்களிலும் இயங்கின. கள் மிதமான போதையுடையது, சத்துள்ளது, அதனை மூடினால் தொழிலாளர் கள்ளச்சாராயமாகிய சம்சுவை நாடுவர் என்பது காலனிய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மீண்டும் மீண்டும் கூறிய வாதம். அதில் உண்மையே இல்லை எனக் கூறவியலாது. ஆயினும், துரைமார் தம் கிளப்பில் விஸ்கி அருந்த, உழைத்தவன் கூலியின் ஒரு பகுதி தோட்ட எல்லைக்குள்ளேயே திரும்பிச் சென்றது என்பதும் உண்மையே. விற்பனை இலாபம் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கமும் இருந்தது. ஆண் குடித்த பணத்தில் அவன் குடும்பத்திற்கு நலம் செய்யும் இவ்வேற்பாட்டைப் பெருந்தன்மை எனப் போற்ற இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

இதனை எதிர்த்த குரல் வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது, கூலி உயர்வு, மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்க வேண்டியதில்லை என்பன போன்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடுமாறும் தொழிலாளர் கேட்டனர். கள் எதிர்ப்பு, தன்மானக் கோரிக்கைகளின் வரிசையில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின் கெடாவில் அது இன்னும் கூர்மையடைந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, சீருடையும் கட்டுப்பாடும் கொண்ட இளைஞர் அணியாக அண்டைத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிரான மறியல் காவல்துறையினருடன் மோதலாக முடிந்தது. அடுத்து மார்ச்சுத் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் மோதல் மூண்டு பலர் கைதாயினர். குடிப்பதைத் தடுக்க முனைந்தவர்களை அடக்க அரசு காவலரை அனுப்பியது என்னும் இச்செய்தியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

எனினும் கள்ளுக்கடைகளைப் பெருமளவில் மறையச் செய்தவை மறியல்கள் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பருக்குப் பதில் செம்பனை நடப்பட்டது, நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் சென்றது, இளைஞர் சுங்கை பட்டாணி, பினாங்கு ஆலைகளுக்குப் பெயர்ந்தனர். குடிப்போர் கூட்டமே கலைந்த பின் கடைக்கு என்ன வேலை? குடியோ மறையவில்லை. மலிவான சம்சு அவ்விடத்தை நிரப்பியது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கெதிராக நெடுங்காலம் பரப்புரை செய்தது.

இனி நினைவுகளுக்கு வருவோம். முதிய ஆண்கள் கள்ளுக்கடையைப் பேசும்போது பெரும்பாலும் போதையைப் பேசுவதில்லை. அங்கு நிகழ்ந்த பாட்டு, பழிப்பு, பக்கத்துத் தோட்டச் செய்தி, தொட்டுக்கொண்ட வறுவல் ஆகியவற்றையே பேசுகின்றனர். மண்டோரும் கிராணியும் இல்லாமல் அவர்கள் வாய்விட்டுப் பேச இயன்ற இடங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. ஏக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெண்களின் நினைவோ வாசலுக்கு வெளியே நிற்கிறது: சம்பள நாளின் மாலை, பெட்டிக்கடைக் கணக்கு, வீடு திரும்புவோரின் காலடியோசை. இவ்விரண்டும் ஒரே கடையைப் பற்றியவைதாம்.

பீடோங்கில் 1942-இல் பிறந்த கே.எஸ். மணியம் தம் ‘த ரிட்டர்ன்’ நாவலை 1981-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் 2020-இல் மறைந்தார். தமிழில் இவ்வட்டாரத்து வாய்மொழி நினைவுகள் இன்னும் போதிய அளவு திரட்டப்படவில்லை. தமிழாசிரியர் தம் மாணவரை இப்பணியில் ஈடுபடுத்தலாம். பாளை சீவும் கத்தி, கலயம், அளவை, கடன் கணக்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் வழங்கிய சொற்களை முதலில் குறித்துக்கொள்ளட்டும். தாத்தாவிடம் கேட்ட அதே வினாக்களைப் பாட்டியிடமும் கேட்கட்டும். ஆனால் தாத்தா அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கட்டும்.