ஏர்பேக் விளக்கு ஏன் அணையவில்லை?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். கட்டுப்பாட்டுக் கணினி மின்சுற்றுகளைச் சோதிக்கும் நேரம் அது. ஒவ்வொரு காற்றுப்பைக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையை அளக்கும். இரண்டு மூன்று ஓம் இருக்க வேண்டிய இடத்தில் அளவு எகிறினால் விளக்கு அணையாது. பல கார்களில் அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் பை விரியாமலே போகலாம். தள்ளிப்போடக் கூடாத பழுது இது.

ஸ்டியரிங்குக்கு உள்ளே கடிகார வில்லைப் போலச் சுருட்டிய தட்டையான கம்பிப் பட்டை இருக்கிறது. சக்கரம் சுழன்றாலும் மின்தொடர்பு அறாமல் காப்பது அதுதான். பல்லாயிரம் முறை சுருண்டு விரிந்து ஒரு நாள் விரிசல் விடும். ஹாரனும் சேர்ந்து வேலைசெய்யவில்லை என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் தளர்வதும் உண்டு. அதை நாமே பிடுங்கிப் பார்ப்பது ஆபத்து. பேட்டரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மின்தேக்கியில் மின்சாரம் மிச்சமிருக்கும்.

ஆனால் அந்த விளக்குக்கு மின்சுற்று மட்டுமே தெரியும், பையை ஊத வைக்கும் வெடிமருந்தின் நிலை தெரியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் பையை ஊத அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஈரமும் வெப்பமும் பட்டு அது சிதைந்தது. பற்றியபோது மிதமிஞ்சிய வேகத்தில் எரிந்து உலோகக் கூட்டையே உடைத்தது. பறந்த சில்லுகள் பலரைக் கொன்றன. 2017இல் நிறுவனம் திவாலானது. இந்தக் கோளாறை எந்த விளக்கும் காட்டாது. திரும்பப் பெறும் பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்பதை சேஸிஸ் எண்ணை வைத்துத்தான் அறிய முடியும்.