புரதத்தின் உருவும் உடலின் பிணியும்

மக்கள் யாக்கையை இயக்கும் பொருள்களுள் தலைமை வாய்ந்தது புரதம். தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கொண்டு செல்வதும், இருதயம் ஓயாது துடிப்பதும் புரதங்களின் வேலையே. ஒரு புரதம் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றுவது அதன் உருவத்தைப் பொறுத்தது. உருவம் திரியின் தொழிலும் திரியும். தொழில் திரியின் நோய் தோன்றும். இவ்வுண்மையை இருதய நோய், நரம்பு நோய் ஆகிய இரண்டினின்றும் சில சான்றுகள் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவம் பயிலாத மாணவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அதற்குரிய காரணம் போகப் போகப் புலப்படும்.

எழுத்தும் பொருளும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம். அக்கூறுகள் பெரும்பாலும் 20 வகையின. இச்சரம் நீண்டபடியே கிடப்பதில்லை. தன் வரிசைக்கேற்ப மடிந்தும் சுருண்டும் தனக்குரிய வடிவைப் பெறுகின்றது. எந்த அமிலம் எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பது மரபணு என்னும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. ‘அறம்’ என்பதில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் ‘அரம்’ ஆகின்றது. நல்வினையைக் குறித்த சொல் இரும்பை அராவும் கருவியைக் குறிக்கின்றது. மரபணு ஏட்டிலும் ஓரெழுத்துப் பிறழ்ச்சி சிலபோது இத்தகைய விளைவைத் தருகின்றது.

புரதங்களின் உருவத்தை ஆராய்ந்தவருள் நம் நாட்டவர் ஒருவர்க்கு உலகளாவிய புகழ் உண்டு. 1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்திற் பிறந்து, 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைக்குத் தலைமை தாங்கிய ஜி. என். இராமச்சந்திரனே அவர். தோல், எலும்பு, இரத்தக் குழாயின் சுவர் ஆகியவற்றிற்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம், மூன்று சரங்கள் முறுக்குண்ட முப்புரிக் கயிறு போன்றது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டனர். இக்கயிற்றில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் அமிலமே நிற்கின்றது. அமிலங்கள் யாவினும் சிறியது அதுவே. கயிற்றின் உட்புறத்து நெருக்கத்தில் வேறொன்றிற்கு இடமில்லை. இரத்தக் குழாய்க்குரிய கொல்லாஜனில் ஒரு கிளைசின் இருந்த இடத்தைப் பெரியதோர் அமிலம் பற்றுமாயின் முறுக்குக் குலைகின்றது. குழாய்ச் சுவர் நலிந்து இளவயதிலேயே கிழியவும் கூடும். பின்னர் 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் புரதச் சரம் எவ்வெக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதை ஒரு படமாக வரைந்து காட்டினர். இன்றும் புதிதாகக் கண்ட புரத உருவங்களை ஆராய்ச்சியாளர் அப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

கண்மாயும் மடையும்

நிற்க, நரம்பிற்கும் இருதயத்திற்கும் பொதுவாகிய ஒரு செய்தியைக் காண்போம். நமது புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களால் வாழ்வது. கவிநாட்டுக் கண்மாய் நிரம்பியிருப்பினும், மடை உரிய காலத்தில் திறந்து உரிய காலத்தில் மூடினாலன்றிப் பயிர் விளையாது. மடை திறவாவிடின் வயல் காயும். மூடாவிடின் பயிர் அழுகும். நரம்பணுவின் சுவரிலும் இருதயத் தசையணுவின் சுவரிலும் இத்தகைய மடைகள் உள. அவையும் புரதங்களே. சோடியம் உள்ளே பாய ஒரு மடையும், பொட்டாசியம் வெளியே செல்ல வேறொரு மடையும் நொடியினும் நுண்ணிய அளவில் திறந்து மூடுகின்றன. அதனாலேயே மின்துடிப்புத் தோன்றிப் பரவுகின்றது. மூளையிலுள்ள சோடிய மடையின் உருவம் கெடுமாயின் காக்கை வலிப்பு உண்டாகலாம். இருதயத்திலுள்ள அதன் உடன்பிறப்பனைய மடை கெடுமாயின் துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீர் மரணமும் நேரலாம். ஒரே குடும்பத்துப் புரதங்கள் இருவேறு உறுப்புகளில் இருவேறு பிணிகளை விளைப்பது இவ்வாறேயாம்.

செல்லரித்த ஏடு

இனி, நம்மவரை அணுக்கமாகத் தொடும் செய்திக்கு வருவோம். இருதயத் தசையைச் சுருக்கும் புரதம் மையோசின். அதனைப் பிடித்து ஒழுங்குபடுத்தும் வேறொரு புரதத்திற்கு மையோசின் பிணைப்புப் புரதம் என்று பெயர். பிந்தியதை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் ஒருசேர விடுபட்டிருத்தல் இந்திய உபகண்டத்து மக்களிடையே பரவலாகக் காணப்படுகின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்துத் தங்கராஜ் முதலியோர் இதனை 2009ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் இக்குறையை உடையர் என்பது அவர்கள் கண்ட முடிவு. 

விடுபட்ட எழுத்துகள் பொருளுடைய பகுதியைச் சேர்ந்தவையல்ல. பகுதிகளை இணைக்கும் குறிப்பைச் சேர்ந்தவை. ஓலைச்சுவடியில் செல்லரித்த ஓரிடத்தைக் கண்டு மயங்கிய எழுத்தாளன், அடுத்த பத்தி முழுவதையும் விட்டுப் படியெடுத்தலை ஒக்கும் இது. அதனால் புரதத்தின் வால்பகுதி பிறழ்கின்றது. அவ்வாலே மையோசினைப் பற்றும் உறுப்பாதலின், பிறழ்ந்த புரதம் தனக்குரிய இடத்தில் அமைய மாட்டாது. இளமையில் அணுக்கள் அக்குறைப் புரதத்தை அழித்து நீக்குகின்றன என்றும், முதுமை நெருங்க அவ்வாற்றல் தளர்வதால் இருதயம் மெலிகின்றது என்றும் அவர்கள் கருதினர். எனினும், இக்குறையுடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. மரபின் பிற குறைகளும், இரத்த அழுத்தமும், வாழும் முறையும் உடன் சேர்ந்தே பலரது நிலையை முடிவு செய்கின்றன.

இருதயத்தையும் நரம்பையும் ஒருங்கே தாக்கும் புரதம்

டிரான்ஸ்தைரெட்டின் என்பது பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகி இரத்தத்தில் உலவும் புரதம். தைராய்டுச் சுரப்பையும் வைட்டமின் ‘ஏ’யையும் சுமந்து செல்வது. நான்கு உறுப்புகள் கூடியே அது நிலைபெறும். அந்நான்கும் பிரியின், தனித்த உறுப்பு உருக்குலைந்து நாராகத் திரண்டு உறுப்புகளிற் படிகின்றது. 30ஆம் இடத்திலுள்ள வாலின் மாறி மெதியோனின் நிற்கும் குடும்பங்களில் அந்நார் நரம்புகளிற் படிந்து, பாதத்தில் தொடங்கி மேலேறும் உணர்ச்சிக் குறைவை உண்டாக்குகின்றது. போர்த்துக்கல் தேசத்து மருத்துவர் கொரினோ அந்திராதே 1952இல் இந்நோயை விரித்தெழுதினார். மரபிற் குறையே இல்லாத முதியோரிடத்தும் அப்புரதம் பிரிந்து இருதயச் சுவரிற் படிந்து அதனை விறைக்கச் செய்வதுண்டு.

உருவை அறிந்ததனால் மருந்தும் கிட்டிற்று. தைராய்டுச் சுரப்பு அமரும் குழியில் ஆப்புப் போல் புகுந்து நான்கு உறுப்புகளையும் பிரியாது நிறுத்துவது தபாமிடிஸ் என்னும் மருந்து. இவ்விருதய நோய்க்கு அதனை வழங்க 2019இல் அமெரிக்க அரசு இசைந்தது.

நாம் செய்யத்தக்கது

நூறு மாணவர் அமர்ந்த வகுப்பொன்றில், மேற்கூறிய கணக்கின்படி, நால்வர் அந்த 25 எழுத்துக் குறையை உடையராயிருக்கலாம். அவர் யாவரென்பது முகத்திற் புலப்படாது. நாற்பது ஐம்பது வயதில் தந்தையோ சிற்றப்பனோ திடீரென மாய்ந்தால், ‘தலைவிதி’ என்று சொல்லி அடங்கிவிடுவது நம்மவர் வழக்கம். அவ்வாறு இறந்தோர் குடும்பத்தில் எத்துணைப் பேர் என்பதைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் கூறி, இருதயத்தை மின்வரைவாலும் ஒலியலைப் படத்தாலும் சோதித்துக்கொள்ளுதல் கடமையாகும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் குடும்பங்கள் மற்றொன்றையும் எண்ணுதல் தகும். கணவனும் மனைவியும் இக்குறையின் ஒவ்வொரு படியை உடையராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இருவழியாலும் அதனைப் பெறும் வாய்ப்பு நாலில் ஒன்று. அங்ஙனம் பெற்றோர்க்கு நோய் இளமையிலேயே கடுமையாகக் கூடும்.

இவற்றைக் கூறுவது அச்சுறுத்துவதற்கன்று. எழுத்துப் பிழையை அறிந்தவனே ஏட்டைத் திருத்திப் படிப்பான். இறைவன் நமக்கருளிய அறிவைக் கொண்டு நம் வீட்டாரின் உயிரைப் பேணுதல், கல்லூரியிற் பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிகளுள் ஒன்றாகும்.