கராத்தே வகுப்பும் குழந்தைகளின் பாதுகாப்பும்

புது தில்லி: கராத்தே, ஜூடோ போன்ற தற்காப்புக் கலைகளில் மாணவரைத் தொட்டுத்தான் நிலையைத் திருத்த முடியும். ஆசிரியர் சொல்லைத் தட்டக்கூடாது என்பதும் பயிற்சியின் முதல் பாடம். தீய எண்ணம் கொண்டவருக்கு இவ்விரண்டுமே திரையாகிவிடுகின்றன.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைகளுக்குச் சேவை அளிக்கும் நிறுவனத்தின் உரிமையாளரோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் பாலியல் குற்றம் புரிந்தால் தண்டனை கூடுதல். தமக்குக் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைப் போலீஸாருக்குத் தெரிவிக்காத பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சங்கத்தின் பெயரைக் காப்பதற்காகப் பேசி முடிப்பதும் குற்றமே.

2020-இல் வெளியான போக்சோ விதிகள், விளையாட்டுப் பயிற்சி மையங்களின் ஊழியர் அனைவரையும் குறிப்பிட்ட இடைவெளியில் போலீஸார் மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஒப்பந்த ஊழியருக்கும் விலக்கில்லை.

மாற்றுத் திறனாளி மாணவர் துன்புறுத்தப்பட்டால், 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி யாரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம்.

மல்யுத்த வீராங்கனைகள் 2023-இல் ஜந்தர் மந்தரில் போராடினர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பெண்கள், சிறார்களுக்கான பாதுகாப்புக் கொள்கையை வலியுறுத்துகிறது. ஆனால் அதன் பார்வை பெரும்பாலும் தேசிய சம்மேளனங்கள் மீதே உள்ளது. தெருமுனை வாடகைக் கூடத்தில் நடக்கும் வகுப்புக்குப் பெற்றோரே முதல் காவல்.

ஆசிரியர் குறித்துப் போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா, பயிற்சியைப் பெற்றோர் பார்க்கலாமா, தனி வகுப்பில் மற்றொரு பெரியவர் உடனிருப்பாரா? சேர்க்கைக்கு முன் இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. சந்தேகம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.